இருமலுக்குக் காரணம்

ஞானசிகாமணியிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருமல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஊசிமருந்துக் குப்பியில், ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தது. குப்பியில் ஒட்டிய சீட்டில் தேதி, இருமியவர் பெயர், வகை மூன்றும் இருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். இருமல் பிடிக்க அதைவிட வாகான உத்தியோகம் கிடையாது. யாராவது இருமத் தொடங்கினால் குப்பியை வாயருகே நீட்ட வேண்டும். இரண்டாவது இருமல் வந்து கலந்துவிடுவதற்குள் மூடியை அழுத்திவிட வேண்டும். குப்பி கொஞ்ச நேரம் சூடாக இருக்கும். பிறகு ஆறிவிடும்.

ஒரே பொருளைப் பன்னிரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஆடி மாதத்தில் சேகரிப்பாளர் பதிவு அலுவலகத்துக்குப் போய் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் ஏழு கட்டங்கள். முதல் ஆறு பெயர், விலாசம் மாதிரியான சங்கதிகள். ஏழாவது கட்டத்தில் ஒரே சொல்தான் அச்சாகியிருக்கும்: ஏன்?

தபால்தலைக்காரர்களுக்கும் நாணயக்காரர்களுக்கும் பிரச்சினை இல்லை. அவர்கள் படிவத்தில் காரணத்தையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். மற்றவர்கள் கையால் எழுத வேண்டும். நான்கு மணிக்குள் எழுதாவிட்டால் சேகரிப்பை வராந்தாவில் வைத்து, இருக்கிற ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள்.

முப்பத்தொரு வருஷமாக ஏழாவது கட்டத்தை எழுதியது ஞானசிகாமணியின் மனைவி அஞ்சுகம். அவர் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவள் எழுதி மடித்துக் கொடுப்பாள். என்ன எழுதினாள் என்று அவர் ஒரு தடவை கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அஞ்சுகம் பங்குனியில் இறந்துபோனாள்.

நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று அஞ்சுகத்தின் இருமல். அந்த ஒன்று போய்விடக் கூடாது. மற்றவை போனால் போகட்டும் என்றுகூட அவருக்கு இருந்தது. அலுவலகத்தில் அப்படித் தனியாகப் பிரித்துக் கேட்க வழி இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். முன்னால் ரெஜினா டீச்சர் ஒற்றைச் செருப்புகள் நிறைந்த சாக்குடன் நின்றார்.

"டீச்சர், நீங்க என்ன எழுதுனீங்க?"

"ஜோடி தேடி வரும்னு எழுதியிருக்கேன்."

"வந்துச்சா?"

"வந்தா ஜோடியாயிரும். அப்புறம் எனக்கு எதுக்கு?"

டீச்சருக்கு முன்னால் தாவூது பாய். அவர் மின்கம்பங்களின் நிழல்களைப் பாய் மாதிரி சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருந்தார். கோடைக்கு ஆகும் என்று எழுதியிருந்தார். நல்ல காரணம். அதிகாரிகளே இரண்டு நிழல் கேட்டிருக்கிறார்களாம்.

பின்னால் பக்கத்து வீட்டுக் கோமளவல்லி, போர்வை சுற்றிய கணவரை ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். கணவர் கடிகாரம் சேகரித்தவர். நூறுக்கு ஒன்று குறைந்தது. தை மாதம் அவரே கடிகாரம் ஆகிவிட்டார். சுவரில் மாட்டிய பிறகுதான் அவர் முகத்தில் நிம்மதி வந்தது.

"எப்படியிருக்காரு?" என்று ஞானசிகாமணி விசாரித்தார்.

"அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா இருக்காரு. சாப்பிடுறீங்களான்னு கேட்டா மணி சொல்றாரு. நானும் சரின்னு அந்த நேரத்துக்கே சாப்பிட்டுக்கிறேன்."

அவள் அழவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

காரணம் கேட்பது ஏழாம் எண் அறையில். அங்கே போகும் தாழ்வாரம், காரணம் இல்லாமல் வருகிறவர்களைக் கண்டால் கதவு கதவாக நீளும். ஞானசிகாமணி ஆறாம் எண்ணைத் தாண்டினார். அடுத்ததும் ஆறாம் எண்ணாக இருந்தது. அதையும் தாண்டினார். பதினான்கு ஆறாம் எண் அறைகளுக்குப் பிறகு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து, "தெரிஞ்சுக்கத்தான்யா வர்றேன்" என்றார். எதிரே ஏழாம் எண் இருந்தது.

உள்ளே ஒரு பெண் அலுவலர் படிவத்தைப் புரட்டினாள்.

"ஏழாவது காலியா இருக்கே?"

"எங்க வீட்ல எழுதுவாங்க."

"கூப்பிடுங்க."

"பங்குனியில தவறிட்டாங்க."

"வைகாசிக்குள்ள தகவல் சொல்லியிருக்கணுமே."

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட." அவள் பேனாவை மூடினாள். "போன வருஷம் எழுதின காரணத்தையே எழுதுங்க. காரணம் மாறக் கூடாது. மாறினா சேகரிப்பு வராந்தாவுக்குப் போயிரும்."

"அது என்னன்னு எனக்குத் தெரியாதும்மா."

"உங்க காரணம் உங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் கொஞ்சம் இளகிய மனசுக்காரிதான். பீரோவைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். முப்பத்தொரு படிவங்கள். "இங்கேயே படிச்சிட்டுக் கொடுத்துருங்க" என்றாள். மணி மூன்றரை ஆகியிருந்தது.

முதல் வருஷப் படிவத்தில் அஞ்சுகம் எழுதியிருந்தாள்: 'கல்யாணத்தில் ஓமப் புகை தாங்காமல் இருமினேன். அப்போதுதான் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.'

நான்காம் வருஷம்: 'யாராவது இருமினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். வேறு எதற்கும் வைப்பதில்லை.'

ஒன்பதாம் வருஷம்: 'சண்டை வந்தால் நாள்கணக்கில் பேசமாட்டார். இருமினால் வந்துவிடுவார்.'

பதினேழாம் வருஷம்: 'இன்றைக்கு எனக்கு இருமலே இல்லை. ஆனாலும் இருமினேன்.'

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுஷன் முப்பத்தொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார். அந்த இருமலுக்கு அவர் எழுதிய சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. 'வறட்டு வகை, சுமார் ரகம்.' அந்தக் குப்பி இப்போது பெட்டியில் இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை.

"ஒவ்வொரு வருஷமும் வேற வேற எழுதியிருக்காளேம்மா. மாறக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"எல்லாம் ஒரே காரணம்தான்னு ஆபீஸ்ல முடிவு பண்ணியாச்சு" என்றாள் அவள்.

கடைசிப் படிவம் போன ஆடி மாதத்தது. எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. 'டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வந்தேன். அதற்குள் இருமல் வந்துவிட்டது. குப்பியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இந்த வயதில் ஓடி வருகிறாரே என்று இருந்துவிட்டேன்.'

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு தன் படிவத்தை இழுத்து, ஏழாவது கட்டத்தில் அதையே தன் கையால் எழுதினார். 'டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வந்தாள். நான் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.' இரண்டாவது வரி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அலுவலர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முத்திரையைக் குத்தினாள்.

"இன்னும் ஒரு வருஷத்துக்குச் செல்லும். எல்லாம் உங்களுடையதுதான்."

எல்லாம் என்றாலும் அதில் அஞ்சுகத்துடையது ஒரே ஒரு குப்பி. போன ஆனியிலிருந்து பங்குனிவரை அவர் பிடித்தது அறுபத்து மூன்று. சேகரிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ரகத்தில் நல்லது ஒன்றைப் பெட்டியில் வைப்பார்கள். மீதியெல்லாம் டபுள். டபுளைக் கைமாற்றி, இல்லாததை வாங்குவார்கள். ஞானசிகாமணியும் அப்படித்தான் செய்தார். அறுபத்திரண்டையும் இருமல் சங்கத்தில் கொடுத்து, ஒரு புளி வியாபாரியையும் இரட்டைப் பிள்ளைகளையும் இன்னும் பலரையும் வாங்கினார். வாங்கிய அன்று சந்தோஷமாகவும் இருந்தார்.

வராந்தாவில் சங்கச் செயலாளர் தேசிங்கு பஞ்சு வைத்த காலிப்பெட்டியுடன் உட்கார்ந்திருந்தார். ஞானசிகாமணி கையில் முத்திரை குத்திய படிவத்தைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

"தேசிங்கு, நம்ம வீட்டம்மா இருமல் அறுபத்திரண்டு குடுத்தேன்ல. அதைத் திருப்பிக் குடுப்பா. இந்தப் பெட்டியையே எடுத்துக்க."

"என்னண்ணே, டபுளுக்குப் போயி யாராவது பெட்டியைக் குடுப்பாங்களா?"

"குடுக்குறேன்."

"தர்றதுக்கு என்ன. ஆனா அதுல சுத்தமான சரக்கு ஒண்ணுகூட இல்லண்ணே. நீங்க மூடி போட லேட் பண்ணிட்டீங்க. ஒவ்வொண்ணுலயும் இருமலுக்குப் பின்னாடி 'ஏங்க'ன்னு ஒரு பேச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

ஞானசிகாமணிக்கு அது தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். பேச்சு கலந்தது பழுது. அறுபத்து மூன்றில் ஒன்றே ஒன்றைத்தான், 'ஏங்க' வருவதற்குள் மூடிப் பிடித்தார். அதைத்தான் பெட்டியில் வைத்தார்.

"அந்த 'ஏங்க' இப்ப எங்க இருக்கு?"

"வெட்டியாச்சுண்ணே. இருமலை வச்சுக்கிட்டு, அதையெல்லாம் ஜன்னல் வழியா விட்டுட்டோம். ஆவணியிலேருந்து அப்பப்ப விட்டதுதான். எல்லாம் கடைத்தெருப் பக்கமா போச்சு."

ஞானசிகாமணி பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினார். தேசிங்கு கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

கடைத்தெருவில் வளையல் கடைக்காரரைக் கேட்டார். "ஆமா, ஒண்ணொண்ணா போச்சு. அவசரமா போன மாதிரி இருந்துச்சு" என்று அவர் வடக்கே கை காட்டினார். வடக்கே பூக்கடை. அதற்கு அப்பால் ரொட்டிக் கடை. அதற்கும் அப்பால், மாடிப்படிக்குக் கீழே, ஒரு டாக்டரின் கிளினிக் இருந்தது.

உள்ளே நீளமான பெஞ்ச். பெஞ்சில் யாரும் இல்லை. ஆனால் உட்கார இடமும் இல்லை. கம்பவுண்டர் தலையை நீட்டினார்.

"யாருக்குப் பார்க்கணும்?"

"அஞ்சுகம்னு..."

"அவங்களா? ஆவணியிலேருந்து வந்து உட்கார்ந்திருக்காங்க. அறுபத்திரண்டு பேரு. கூட யாராவது வந்தாத்தான் டாக்டர் பார்ப்பாருன்னு சொல்லிட்டோம். வர்றாரு வர்றாருன்னு இருந்தாங்க. நீங்க யாரு?"

"கூட வந்தவன்."

கம்பவுண்டர் நோட்டைப் புரட்டினார். விரலை ஒரு இடத்தில் வைத்தார்.

"அவங்க டோக்கன் பங்குனியோட முடிஞ்சிருச்சுங்களே."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"இருக்கேன்" என்றார் ஞானசிகாமணி.

பெஞ்ச் லேசாகக் கிறீச்சிட்டது. ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது. அவர் உட்கார்ந்தார். கைகள் வெறுமனே இருந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில், மெதுவாக, "ஏங்க" என்று கேட்டது.

"என்னம்மா? சொல்லு."

முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். மூச்சுக்கூட விடாமல் கேட்டார். அது மறுபடியும் "ஏங்க" என்றது. அதற்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் அவள் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்னால் அவர் மூடியை அழுத்திவிட்டிருந்தார்.