சத்தமில்லாத மோட்டார்

காமிலின் வான் வண்டியில், ஆவி படியாதபடி காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பும் மோட்டார் கர்ரென்று அரைக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்னச் சாமான். சத்தம் மட்டும் பெரியது. அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு உத்தியோகத்தர்களை ஏற்றிப்போகும் ஹயர் அது. பதுளைக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் கனகசுந்தரம் வழியில் தூங்குகிறவர். இந்த மாதத்துக்குள் சத்தம் நிற்காவிட்டால் வேறு வான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். காமிலுக்கு வேறு ஹயர் கிடையாது.

எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்றாலும் வண்டிக் கரண்ட் வேலை வரும். எங்கோ மோதி நொறுங்கிய புது ஜப்பான் காரிலிருந்து ஒரு மோட்டாரைக் கழற்றிப் பூட்டினேன். பழையதன் பாதிக் கரண்டுகூட இழுக்காது. காதை வைத்தாலும் கேட்காது.

மறுநாள் காலை வேலை முடிந்து, மோட்டார் எப்படி என்று பார்க்க அதே வானில் பின் சீட்டில் ஏறினேன். மூடுபனி. கனகசுந்தரம் உட்கார்ந்ததும் உறங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. தொழிற்சாலை மெஷின் இரைச்சல் மண்டைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது.

முன்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது. காமில் காற்றைத் திருப்பும் பொத்தானை அமுக்கினான். மீண்டும், மீண்டும் அமுக்கினான். மீண்டும். வளைவில் லொறியின் வெளிச்சம் முட்டவந்தது. பிரேக் போட்டான். இடது பக்கச் சில்லு ரோட்டோர வடிகானுக்குள் இறங்கி நின்றது. லொறி உரசாமல் போனது.

"மோட்டார் செத்துப்போச்சு மச்சான்," என்றான்.

முன்னால் போய்க் கண்ணாடியின் அடியில் கையை வைத்து, அமுக்கச் சொன்னேன். காற்று வந்தது. மறுபடி அமுக்கினான், காற்று காலடிக்குப் போய்விட்டது. பொத்தானில் இருந்த சின்ன வெளிச்சம் எப்போதோ எரிந்துபோனது. இத்தனை வருஷமும் சத்தத்தைக் கேட்டே ஓட்டியிருக்கிறான். இன்று சத்தம் வராததால் வேலை செய்யவில்லை என்று நினைத்து, கண்ணாடிக்குப் போன காற்றைத் தானே திரும்பத் திரும்பக் கீழே இறக்கியிருக்கிறான்.

"நல்ல வேலை பாத்திருக்க. என்னைய செவிடாக்கி விட்டுட்ட," என்றான் காமில்.

கனகசுந்தரம் இறங்கி வடிகானை எட்டிப் பார்த்தார். பிறகு, பழைய சாமான் எங்கே என்று கேட்டார். பையில் இருப்பதாகச் சொன்னேன்.

"அதையே பூட்டும் தம்பி. நித்திரையை நான் கச்சேரியில கொள்ளுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே, பனிக்குள், பழையதைப் பூட்டினேன். வானைத் தள்ளி மேலே ஏற்றினோம். காமில் அமுக்கினான். கர்ரென்றது.

புதிய மோட்டார் என் பையில் கிடந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. பதுளை வரைக்கும் அதையே விரலால் உருட்டிக்கொண்டு வந்தேன்.