நாணயங்கள் இருமிய வீடு

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்ணாடிக்காரம்மாவின் இரும்பு அலமாரி நான்கு தடவை இருமியது. வறட்டு இருமல். நாலு பேர் முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் தொண்டையைச் செருமுவதுபோல, கொஞ்சம் மரியாதையாகவே இருந்தது. குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் படித்து ஓய்வு பெற்ற அவள் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை. அவள் அலமாரியைத் திறந்தாள். இரண்டாவது தட்டில், சிவப்புச் சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த செப்பு நாணயம் ஒன்று அவள் கண்ணெதிரிலேயே மறுபடியும் நான்கு தடவை இருமியது. "காத்துப் போகாத டப்பாவுல அடைச்சு வச்சா சளி பிடிக்காம என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டுக் கணவர் வானிலைப் பக்கத்துக்குப் போனார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முப்பது வருஷமாக மனிதர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டே பிழைத்தவள். ஊரார் கண்ணுக்கெல்லாம் தைரியம் சொன்னாளே தவிர, தன் கண்ணை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அதனால்தான் தரம் பார்க்கும் கம்பெனிகளின் பெட்டியில் வரும் நாணயங்களாகவே வாங்கினாள். நாணயத்தை அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று சீட்டில் எழுதி, சீட்டும் நாணயமுமாகப் பிளாஸ்டிக்கில் மூடித் திருப்பி அனுப்புவார்கள். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்த நொடியில் இருந்த மாதிரி. அறுபதுக்குக் கீழே போனால் கைபட்டுத் தேய்ந்தது. அறுபத்து மூன்றுக்கும் அறுபத்தாறுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிவது கொசுவின் கால் அளவு. விலையில் ஒரு மோட்டார் சைக்கிள். சிவப்புச் சீட்டு, பச்சைச் சீட்டு, சாம்பல் சீட்டு என்று மூன்று கம்பெனிகள் இருந்தன. சிவப்புதான் பெரியது. சேகரிப்பாளர் சங்கத்தின் வருடாந்திரக் காட்சியில் சிவப்புக்கு மட்டுமே மேசை கிடைக்கும். சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர், சிவப்புக் கம்பெனியின் உள்ளூர் முகவரும் அவரே. சங்கத்தில் யார் கையில் பெட்டி போனாலும் முதலில் சீட்டைப் படிப்பார்கள், தலையாட்டுவார்கள், பிறகு மரியாதைக்கு நாணயத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அவளும் அப்படித்தான் பார்த்துவந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வருஷம் முன்னால், பத்தொன்பது வயதில் முதல் சம்பளத்தில் வாங்கி அதுவரை பெட்டியில் போடாமலே வைத்திருந்த ஒரு வெள்ளி நாணயத்தை, ஒரு பக்கம் பாய்மரக் கப்பல் போட்டது, அவள் சிவப்புக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். 'தேய்த்துக் கழுவப்பட்டது, மதிப்பெண் இல்லை' என்று திரும்பி வந்தது. கழுவிய நாணயம் சேகரிப்பாளர் உலகத்தில் செத்த நாணயம். பல் டாக்டர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்து, "பாத்திரம் தேய்க்கிற கையில காசைக் குடுத்தா இப்படித்தாங்க ஆகும்" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து சங்கத்தில் அவளுக்கு சோப்பம்மா என்று பெயர். பெயர்கூடப் பரவாயில்லை. அவள் அந்த நாணயத்தைக் கழுவவே இல்லை. ஆனால் சீட்டைப் படித்துப் படித்து, இரண்டாவது வருஷத்தில், கழுவியதுபோல ஒரு ஞாபகம் அவளுக்குள் மெல்ல வந்து குடியேறியது. குழாயடி, மஞ்சள் நிற சோப்பு, விரலிடுக்கில் வழுக்கும் வெள்ளி, துடைத்த துண்டின் ஓரத்தில் இருந்த நீலக்கோடு வரை எல்லாம் தெரிந்தது. இல்லாத தப்புக்கு இவ்வளவு துல்லியமாகச் சாட்சி சொல்கிற தன் மனசைப் பார்த்து அவளுக்குப் பயமாக இருந்தது. அது உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூட மாட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

இருமல் வந்த அன்று, செப்பு நாணயம் ஓய்ந்த பிறகு, மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. கப்பல் நாணயம். ரொம்ப நாளாகவே விட்டுக்கொண்டிருந்திருக்கும்போல. அவள்தான் அதைத் தன் பெருமூச்சு என்று நினைத்திருந்தாள்.

கடையில் ஒருவர் கண்ணைச் சோதிப்பதுபோலவே அவள் அலமாரியைச் சோதித்தாள். ஒவ்வொரு பெட்டியின் சீட்டையும் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்தாள். நாணயத்தை மட்டும் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, தன் மதிப்பெண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடியில் வைத்தாள். நாணயங்கள் அதற்கும் இருமின. முதல் மாதம் அவள் எழுதியதில் பாதிக்குமேல் தப்பு; தாராளமாகப் போட்ட இடத்தில் இருமல், கஞ்சத்தனம் செய்த இடத்தில் பெருமூச்சு. ஒரு புள்ளி அதிகமென்றால் ஒரு இருமல், மூன்று புள்ளி என்றால் மூன்று. எத்தனை குறைந்தாலும் பெருமூச்சு மட்டும் ஒன்றுதான், நீளம் வேறுபடும். "நேத்து இருபத்தேழு, இன்னைக்குப் பத்தொம்போது. தேறிடுவே" என்று மீட்டர் படித்த பழக்கத்தில் கணவர் சமையலறையிலிருந்தே எண்ணிச் சொல்வார். இரண்டு வருஷத்தில் அவள் காகிதம் வைத்த நாணயங்கள் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டன. அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, தான் பார்த்தது பார்த்தபடியே இருந்தது.

பிறகு கம்பெனிகளைப் பார்த்தாள். ஒரே நாணயத்தைப் பெட்டியை உடைத்து எடுத்து மூன்று கம்பெனிக்கும் மாறி மாறி அனுப்பினாள். சிவப்பு அறுபத்தாறு என்றது, வீட்டுக்கு வந்ததும் நான்கு இருமல். பச்சை அறுபத்து மூன்று, ஒரு இருமல். சாம்பல் அறுபத்திரண்டு, சத்தமே இல்லை. அதே நாணயத்தைச் சிவப்புக்கே மறுபடி அனுப்பினாள்; இந்தத் தடவை அறுபத்து நான்கு என்று வந்தது. ஐந்து வருஷத்தில் முன்னூறு பெட்டிகளைக் கேட்டுமுடித்தாள். அவசரப்பட்டுச் சிவப்பை மட்டம் தட்டவும் அவள் தயாராக இல்லை. சிவப்பின் பழைய பெட்டிகள், பத்து வருஷத்துக்கு முந்தையவை, ஒரு தும்மல்கூடப் போடவில்லை. புதியவைதான் பத்துக்கு ஆறு இருமின. பச்சை செம்பில் நம்பகமாகவும் வெள்ளியில் தாராளமாகவும் இருந்தது. சாம்பல் நேர்மையானது, ஆனால் கொஞ்சம் கருமி. இதையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினாள்.

பல் டாக்டர் சிரித்தார். ஆனால் சங்கத்தில் ஒருவர் மாற்றி ஒருவர், வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு, சட்டைப்பையில் ஒரு பெட்டியோடு அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கணவர் கூடத்தில் நாற்காலி போட்டார். ஒரு மருந்துக்கடைக்காரர் தன் அறுபத்தெட்டு எட்டுத் தடவை இருமியதைக் கேட்டு, "மேடம், இதுக்கு ஏதாவது சிரப்..." என்று ஆரம்பித்துவிட்டு அவரே வெட்கப்பட்டு நிறுத்தினார். ஆறு மாதத்தில் சிவப்புக் கம்பெனிக்குப் போகும் தபால் பாதியாகக் குறைந்தது. கம்பெனி தன் தலைமைத் தரப் பரிசோதகரையே அனுப்பிவைத்தது.

சனிக்கிழமை பிற்பகல் அவர் வந்தார். களைத்த, நல்ல மனிதர். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். கூடவே பல் டாக்டரும் சங்கத்தார் முப்பது பேரும் வந்ததால் பாதிப்பேர் மாடிப்படியில் நின்றார்கள். "சாரே, இவங்க அலமாரி பேசுதாம். நீங்களே கேளுங்க" என்றார் பல் டாக்டர், படியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அவள் அலமாரியைத் திறந்தாள். கப்பல் நாணயத்தின் பெட்டியை எல்லார் முன்னாலும் உடைத்து, நாணயத்தை மட்டும் பரிசோதகரிடம் கொடுத்தாள். "உங்க ஆபீஸ்ல ஒரு காசுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவீங்க?" என்று கேட்டாள்.

"பதினோரு செகண்டும்மா. பதினைஞ்சு ஆனா மேலதிகாரி வந்து நிப்பாரு."

"இங்க யாரும் வந்து நிக்க மாட்டாங்க. பொறுமையாப் பாருங்க."

அவர் இருபது நிமிஷம் பார்த்தார். வெள்ளியில் மயிரிழை போன்ற கோடுகள் இருந்தன. கழுவியது என்று எழுதவைத்தவை அவைதான். "விளக்கைப் பக்கவாட்டுல பிடிங்க. கோடு பள்ளமா, மேடா?" என்றாள். மேடு. "கழுவினா மேடு எப்படி வரும்? இன்னும் ஒண்ணு. அந்தக் கோடெல்லாம் கப்பல்கிட்ட வந்து நின்னுடுது பாருங்க. துணி போட்டுத் தேய்ச்சிருந்தா கப்பல் மேலயும் ஏறியிருக்கும்." அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கோடுகள் அவை, நாணயம் பிறக்கும்போதே கூடப் பிறந்தவை. பரிசோதகர் லென்ஸைக் கீழே வைத்தார். காதுமடல் சிவந்திருந்தது. "நான்தான் போட்டேன். அந்தச் சீட்டு என் கையெழுத்து" என்றார். "இந்தக் காசைக் கழுவவே இல்லை."

அவளுக்குள்ளிருந்த குழாயடியும் மஞ்சள் சோப்பும் நீலக்கோட்டுத் துண்டும் அந்த இடத்திலேயே காணாமல் போயின. போன இடத்தில் ஒரு குளுமை மிஞ்சியது, அவ்வளவுதான்.

பரிசோதகர் ஒரு காகிதத்தில் அறுபத்தைந்து என்று எழுதி, நாணயத்தின் அடியில் செருகி, அலமாரித் தட்டில் வைத்தார். "ஒண்ணு அதிகம்" என்றாள் அவள். "என்னம்மா நீங்க! உங்களுக்கு நல்லதுதானே, விடுங்க" என்று பல் டாக்டரே பதறினார். கப்பல் நாணயம் ஒரே ஒரு தடவை, தெளிவாக, இருமியது. மாடிப்படியில் யாரோ சிரித்தார்கள். பிறகு வீடே சிரித்தது, பரிசோதகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அறுபத்தைந்தை அடித்துவிட்டு அறுபத்து நான்கு என்று எழுதினார். முப்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் எண்ணினார். தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அலமாரியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அடுத்த மாதமே சிவப்புக் கம்பெனி ஒரு நாணயத்துக்கு மூன்று நிமிஷம் என்று நேரத்தை உயர்த்தியது. பல் டாக்டர் முகவர் வேலையை விட்டுவிட்டுப் பல் மட்டும் பார்த்தார். அவளைப் பார்க்கும்போது எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றார். கண்ணாடிக்காரம்மாவின் அலமாரியில் ஒரு வாரம் இருந்து இருமாத நாணயம், எந்த நிறச் சீட்டானாலும், காட்சிக்கு ஏற்கப்படும் என்று சங்கத்தின் விதிகளில் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். தீர்மானத்தின்மேல் விவாதம் நடக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்து, ஞாயிற்றுக்கிழமையிலும் அலமாரி திறந்திருக்குமா என்று கேட்டார். மதியம் வரை திறந்திருக்கும் என்றாள்.