மறுதட்டு எடைக்கல்

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த வல்லிநாயகம் பிள்ளைக்குப் பல வருஷமாகத் தூக்க மாத்திரை போட்டால்தான் கண் மூடும். அது அவருக்கும் மனைவி உலகம்மாளுக்கும் மட்டும் தெரியும். மகளுக்குக் கீழப்பாவூர் மிளகாய்வத்தல் வியாபாரி சிவசுப்பிரமணியனின் மகனைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஸ்கூட்டர் ஒன்றுதான் இழுபறி. எழுபத்தெட்டாம் வருஷச் சாரலுக்கு இரண்டு குடும்பமும் குற்றாலத்தில் ஒரே வீட்டில் தங்கின. சம்பந்தி கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பிள்ளை மாத்திரையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தார். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் தூக்கம் தானாக வரும், அதுவும் இலவசமாக என்பது அவர் போட்ட கணக்கு.

வரவில்லை. மறுநாள் காப்பி டம்ளர் கையில் ஆடியது. அடுக்களையில் ஒரு மூடி விழுந்ததற்குத் துள்ளி எழுந்தார், பித்தளைச் சத்தத்திலேயே பிழைத்த மனுஷர். மூன்றாம் நாள் ஐந்தருவியில் கைகால் வெட்டி இழுக்க விழுந்தார். யாரோ சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்தார்கள். உலகம்மாள் பாதிக் கண்ணால் புருஷனையும் மீதிக் கண்ணால் சம்பந்தி முகத்தையும் பார்த்தாள். வலிப்புக்காரன் மகளை எவன் எடுப்பான்?

தென்காசி டாக்டர், தினமும் ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டார். பிள்ளை கண்ணால் தடுத்தார். சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போதே உலகம்மாள் சொல்லிவிட்டாள்.

"தராசுதானே உங்க தொழில்?" என்றார் டாக்டர். "மூளையை அடக்குற தட்டுல மாத்திரை இருந்துச்சு. அதைச் சமன் பண்ண மூளை, துள்ளுற தட்டுல எடைக்கல்லை ஏத்திக்கிட்டே வந்திருக்கு. நீங்க மாத்திரையை மட்டும் சட்டுன்னு எடுத்துட்டீங்க. கல்லு அங்கேயே கிடக்கு."

பரம்பரை வலிப்பு இல்லை, மாத்திரையை மறுபடி தொடங்கி ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். பிள்ளை படுத்தபடியே ஒன்றரை மாதத்துக்குக் கேட்டுப்பார்த்தார். டாக்டர் இறங்கவில்லை.

வெளியே வந்ததும் சிவசுப்பிரமணியன் உலகம்மாளைத் தனியே அழைத்தார். பேச்சை முறிக்கத்தான் என்று அவள் முந்தானையை இறுக்கிக்கொண்டாள். அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அதே மாத்திரை.

"மைனி, நானும் இதத்தான் போடுதேன். எங்க வீட்டுல தெரியாது. நானும் கொண்டுவராம இருக்கலாம்னுதான் பாத்தேன், தைரியம் வரல." குரலைத் தாழ்த்தினார். "எப்படிக் குறைக்கணும்னு எனக்கும் சேத்துக் கேட்டுச் சொல்லணும். எம் பேரச் சொல்ல வேண்டாம்."

உலகம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி. அந்த ஸ்கூட்டர மட்டும் நீங்க கொஞ்சம் மறந்துருங்க."