ஆயுத பூஜைக்கு வைத்த கியர்பாக்ஸ்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் கியர் வெட்டியவன் நான். என் வண்டியின் கியர்பாக்ஸை இன்னொருத்தன் கையில் கொடுப்பேனா? மூன்றாவது கியர் போட்டால் நிற்காமல் தானாக நியூட்ரலுக்கு வர ஆரம்பித்ததும், பொம்மனஹள்ளி வீட்டு வாசலிலேயே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, கியர்பாக்ஸை இறக்கிவிட்டேன்.

அவசரம் இருந்தது. ஆனேக்கல்லில் என் மச்சான் ஷங்கர், என் மனைவி ஷோபாவின் ஒரே அண்ணன், படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஈரல் போய்விட்டது, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அவரை உயிரோடு ஒரு தடவை பார்க்க வேண்டும். அதுவும் என்னோடு போய்ப் பார்க்க வேண்டும். "மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாம்மா" என்று அவரே போனில் கேட்டிருந்தார்.

ஒன்பது வருஷமாக நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் வீட்டு கிரகப்பிரவேசத்தில், பந்தியில் நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நம்ம மாப்பிள்ளைக்கு பஸ் பாஸ்தான் சொத்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாதி இலையில் எழுந்தேன். இனி வந்தால் சொந்தக் காரில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் பழைய கார் ஒன்று வாங்கி நாலு வருஷம் ஆகியும் போகவில்லை. கார் ஒரு சாக்குதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"டாக்ஸியில போயிட்டு வந்துடலாங்க" என்றாள் ஷோபா.

"டாக்ஸியில போய் இறங்கினா உங்கண்ணன் என்ன சொல்வாருன்னு தெரியாதா? ஞாயித்துக்கிழமை நம்ம வண்டியிலயே போறோம்."

"அப்ப நான் மட்டும் பஸ்ல போய் ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டுமா?"

"தனியா போனா நான் இன்னும் முறுக்கிட்டு இருக்கேன்னு நாலு பேர் பேசுவாங்க. சேர்ந்தே போவோம்."

அவள் சரி என்றாள். என் பேச்சை நம்புவது அவளுக்குப் பழக்கம்.

ஒவ்வொரு கியரோடும் ஒரு பித்தளை வளையம் ஜோடி சேர்ந்திருக்கும். சிங்க்ரோ ரிங் என்போம். ஓடி ஓடி அந்தந்தக் கியரோடு பழகித் தேய்ந்தது. மாற்றிப் போட்டால் கியர் விழும்போது கரகரவென்று உரசும். ஜே.சி. ரோட்டில் புது பேரிங்கும், மூன்றாவது கியருக்குப் புது வளையமும் வாங்கி வந்தேன். மற்றவற்றுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, பழைய பேப்பர் மேல் வரிசையாக வைத்திருந்தேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. பூசணிக்காய் வாங்கப் போய்த் திரும்பி வந்தால் பேப்பர் காலி. சாமி அலமாரிக்கு முன்னால் பலகை மேல் என் கியர்கள் உட்கார்ந்திருந்தன. சோப்புத்தூள் போட்டுக் கழுவி, துடைத்து, பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். வளையங்கள் தனியாகத் தாம்பாளத்தில், நடுவில் செவ்வந்திப் பூ. ஒரு எண்கூட மிச்சமில்லை.

"வருஷா வருஷம் ஸ்பானர் மட்டும்தானே வெப்போம். இந்தத் தடவ இதுவும் நல்லபடியா ஓடட்டும்னு..." அவள் விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. முகத்தில் சிரிப்பு.

கத்தினேன். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா சந்திரம்மா, "ஏனாயித்து ரீ?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "அறிவிருக்கா? எது எதோட ஜோடின்னு இனி யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கிழமை போன மாதிரிதான். இன்னும் பத்து நாள் ஆகும், போ!"

ஷோபா தாம்பாளத்தைப் பார்த்தபடியே நின்றாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் திரும்ப எடுக்கவும் கூடாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வளையங்களுக்கு ஜோடி கண்டுபிடிப்பது எனக்கு ஒரு மணி நேர வேலை. கியரில் பொருத்தம் பார்க்கிற நீல மையைத் தடவி, வளையத்தை வைத்து ஒரு திருப்பு திருப்பினால் எது எதோடு பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். வியாழக்கிழமை காலை டிபனுக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கியர்பாக்ஸ் வண்டியில் ஏறி, ஆயிலும் ஊற்றியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள். "ஆயிடுச்சாங்க?"

"எப்படி ஆகும்? நீ பண்ண வேலைக்கு இன்னொரு தடவ இறக்கிப் பார்க்கணும்."

சொல்லும்போதே கேவலமாக இருந்தது. ஆனால் அந்தப் பந்திச் சிரிப்பு காதில் கேட்டது. இன்னும் நாலு நாள் காத்திருக்கட்டும் மனுஷன் என்று நினைத்தேன். அவரோடு சேர்ந்து இவளும் காத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய் காலை ஷங்கரின் மனைவி மமதா போன் செய்தாள். விடியற்காலையில் அவர் போய்விட்டார். ஷோபா போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வண்டி ஓடுமாங்க?" என்றாள்.

"ஓடும்" என்றேன். எப்போதிருந்து என்று அவள் கேட்கவில்லை.

ஓசூர் ரோட்டில் மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஆனேக்கல்லில், சொந்தக் காரில் போய் இறங்கினேன். யாரும் வண்டியைப் பார்க்கவில்லை. மமதா ஓடி வந்து ஷோபாவைக் கட்டிக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம்கூட கேட்டாரே ஷோபா! வெளிய வண்டி சத்தம் கேட்டா, மாப்பிள்ளையான்னு பாரு, பாருன்னாரே! அன்னிக்கு பந்தியில அப்படிப் பேசினது தப்புன்னு சொல்லணும்னாரே! ஏன் வரல?"

"என்னாலதான் அண்ணி" என்றாள் ஷோபா. "இவரு ஞாயித்துக்கிழமைக்கே ரெடி பண்ணியிருப்பாரு. நான்தான் பூஜைக்குன்னு எல்லாத்தையும் கழுவிக் கலைச்சுட்டேன். இவரு மேல தப்பே இல்ல. எங்கண்ணனைப் பார்க்க முடியாம நானே பண்ணிக்கிட்டேன்." தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் பந்தியில் சிரித்த அதே ஆட்கள். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது சந்தாபுரம் சிக்னலில் வண்டி நின்றது. ஷோபா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "என்னை மன்னிச்சுடுங்க. உங்களுக்கும் கடைசியா ஒரு வார்த்தை பேச முடியாம போச்சு."

"விடு ஷோபா. பந்தியில அவர் பேசினதை நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்றேன்.

அவள் என் இடது கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.