மேற்குத்தெரு ஆட்டக்காரர்

சவப்பெட்டியின் மேல் கொடியை விரிக்கப் போன அண்ணனின் கையை இரஞ்சிதம் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணை."

"ஏன்? மெல்பேர்னில எங்கட கழகத்தில ஆர் செத்தாலும் போடுறதுதானே."

"அவர் உங்கட கழகம் இல்லை."

அரியரத்தினம் நீல வெள்ளைக் கொடியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அவருடைய வளர்பிறைக் கழகத்தார். ஊரில் உதைபந்துக் கோப்பையை வருசா வருசம் தூக்கியவர்கள். இங்கே வந்தும் சங்கம் வைத்து ஒன்றுகூடல் நடத்துகிறவர்கள். பெட்டிக்குள் கிடந்த அவள் கணவர் ஜெயரட்ணம், அவர்களிடம் இறுதியாட்டங்களில் தோற்றுக்கொண்டேயிருந்த மேற்குத்தெரு அணிக்காரர். அந்த அணி எப்போதோ கலைந்துவிட்டது. ஒன்றுகூடல்களில் அவரை வைத்து ஒரு பகிடியாவது நடக்கும். அவரும் இறைச்சியை வாட்டிக்கொண்டே சிரிப்பார். திரும்பி வரும் வழியில் பேசமாட்டார்.

"அம்மா, இட்ஸ் ஓகே. போடட்டும்" என்றாள் மகள் வினுஷா.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் இரஞ்சிதத்துக்கு வாதாடத் தெம்பில்லை. "வேண்டாம்" என்று மறுபடி சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். அண்ணன் கொடியை மடித்தார்.

அவர் பேச எழுந்தபோது கழகத்தின் வரலாறுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. முதல் கோப்பை, மைதானத்துக்குக் காணி வாங்கியது, மற்ற ஊர்க்காரர் பயந்து பேர் கொடுக்காமல் விட்ட வருசம். பிறகு "என்ர மச்சான்" என்று தொடங்கினார். மச்சான் வென்ற கதை ஒன்றும் அவரிடம் இல்லை. "நல்ல மனுசன்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

எல்லாம் முடிந்து ரோவிலில் இருந்த வீட்டுக்கு அண்ணனின் காரில் திரும்பினார்கள். பின்சீற்றில் வினுஷா தூங்கிப்போனாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"அவர் நல்லா விளையாடுவாரே?"

அரியரத்தினம் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியாதே?"

"அப்பா என்னைக் கிறவுண்டுப் பக்கம் விட்டவரே? நீங்கள் வந்து சொல்லுற ஸ்கோர்தான் எனக்குத் தெரியும். அவரிட்டயும் கேக்கேல்ல. நோகுமெண்டு."

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"பந்து அவன்ர காலுக்கு வந்தால் நாங்கள் பதினொரு பேரும் பின்னுக்கு ஓடுவம். நானுந்தான்."

பிறகு, "அவனுக்குப் பந்து குடுக்கத்தான் அங்க ஒருத்தரும் இல்லை" என்றார்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வான் ஹோன் அடித்தது. அரியரத்தினம் ஸ்டியரிங்கில் கைகளை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டேயிருந்தார். வான் இன்னொரு முறை அடித்துவிட்டு, அவர்களை விலத்திக்கொண்டு போனது.