ஸ்டாஃப் வேனும் பூமித்தாயும்

பூமியைக் காப்பாற்றுவதற்காக எங்கள் ஸ்டாஃப் வேனை நிறுத்தினார்கள். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து பூமி கொஞ்சம் தெம்பாக இருப்பதாகக் கேள்வி. எங்களுக்குத்தான் முட்டி வலி.

என் பெயர் மெர்சி. தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் 'மண்மடி' வெல்னஸ் சென்டரில் மேனேஜர். மேனேஜர் என்றால் காலையில் எண்ணெய் காய்ச்சுவது, மசாஜுக்கு ஆள் குறைந்தால் நானே கை போடுவது, துண்டு துவைப்பது, கெஸ்ட் கிளம்பும்போது கும்பிடு போடுவது எல்லாம் சேர்த்துத்தான். இங்கே வாஷிங் மெஷின் கிடையாது. அது கரண்ட் சாப்பிடுமாம். என் கை வெறும் சோறுதானே சாப்பிடுகிறது.

இங்கே நடப்பதெல்லாம் பித்தலாட்டம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பூந்திக்கொட்டையில் துவைத்த துண்டு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது, வாழை கொழுகொழுவென்று நிற்கிறது. என் அம்மாவும் இதையெல்லாம் செய்தாள். அன்றைக்கு இதற்குப் பெயர் 'இல்லாத கொடுமை'. இன்றைக்கு சஸ்டைனபிள், நாளொன்றுக்கு ஒன்பதாயிரம்.

முதலாளி யஷ்வந்த். தோப்புக்காரர் கோபாலசாமியின் மகன். பெங்களூரில் பத்து வருஷம் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு மனநிம்மதி தேடி வந்தவர். "நம்ம டீம்ல மேல கீழங்கறதே கெடையாது. எல்லாரும் என்னை யஷ்னே கூப்பிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மசாஜ் செய்யும் மாரியாத்தாளக்கா அரண்டுபோனார். ஐம்பத்துநாலு வயசு, இதே தோப்பில் கோபாலசாமியிடம் இருபது வருஷம் களை வெட்டியவர். ஒரு வாரம் யோசித்துவிட்டு "யஷ்ங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் யஷ்ங்கதான்.

மே மாசக் கடைசியில் மீட்டிங் போட்டார். திரையில் வட்டமாக ஒரு படம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சிவப்புத் துண்டு.

"நம்ம சென்டரோட கார்பன்ல நாப்பத்தோரு சதவீதம் ஸ்டாஃப் வேன்தான் மெர்சிக்கா."

"கெஸ்டெல்லாம் கார்ல வர்றாங்களேங்க? ஆளுக்கொரு காருங்க."

"அது அவங்க கார்பன். நம்ம கணக்குல வராது."

பூமித்தாய்க்கு யார் கார் யாருடையது என்று தனித்தனியாகத் தெரியும்போலிருக்கிறது.

சென்டரிலிருந்து பஸ் வரும் மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வாழையும் சோளமும், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற மண் பாதை. எங்களை விடுவது ஆறரைக்கு. இருட்டுக் கட்டுகிற அதே நேரத்தில் மலையிலிருந்து யானையும் இறங்கும். யானைமேல் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பசி.

"அஞ்சு மணிக்காவது உட்ருங்க யஷ்ங்க, வெளிச்சத்துலயே போயிக்கறோம்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அஞ்சரைக்கு ஸ்டீம் பாத் இருக்குதுங்களே." அப்புறம் கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொன்னார். "யானை நம்ம ஊட்டுக்குள்ள வரலீங்க மெர்சிக்கா. நாமதான் அது ஊட்டுக்குள்ள இருக்கோம்."

வாஸ்தவம்தான். ஆனால் அவர் வீடு டவுனுக்குள், ரேஸ்கோர்ஸில் இருக்கிறது. அங்கே யானை வாக்கிங் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. நான், மாரியக்கா, ரிசப்ஷனில் உட்காரும் லோகப்பிரியா, மூன்று பேரும் நடந்து வருகிறோம். வளைவில் திரும்பினால் பாதையை அடைத்துக்கொண்டு கருப்பாக ஒரு சுவர். நேற்று இங்கே சுவர் இல்லையே என்று நினைப்பதற்குள் சுவர் காதை ஆட்டியது.

ஓடினோம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம்தான் கண்ணில் பட்டது. மாரியக்காவால் ஓட முடியவில்லை, வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப்போய்த் தகரக் கதவைச் சாத்தினோம். வெளியே வாழையைச் சாய்க்கிற சத்தம் மடார் மடார் என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. என் மகள். பத்தாவது படிக்கிறாள், அப்பா இல்லாத பிள்ளை. எடுக்காமல் போனையே அணைத்துப்போட்டேன். நான் எடுக்காவிட்டால் அவள் என்னவெல்லாம் நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். இதில் கிண்டல் பண்ண எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரம் கழித்து யானை போனது. மறுநாள் காலையில் மூன்று பேருமாக யஷ்ங்க முன்னால் போய் நின்றோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இங்கே எங்கள் பக்கத்து வியாதி ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் ஆசையாக ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. விருந்தில் சாம்பாருக்கு உப்பே போட்டிருக்க மாட்டார்கள், "எப்படிங்க இருக்குது?" என்றால் "அருமைங்க" என்போம்.

"யானை போனதுக்கப்புறம் மனசு லேசாச்சுங்களா மாரியக்கா?"

மாரியக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். யஷ்ங்க முகத்தைப் பார்த்தார். "லேசாச்சுங்க."

"புதுசாப் பொறந்த மாதிரி?"

"ஆமாங்க, அப்படித்தானுங்க இருந்துச்சு."

"லோகா, உனக்கு?"

ஒரு நிமிஷம் முன்னால்வரை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த லோகப்பிரியா, "நல்லா இருந்துச்சுங்க" என்றாள். இரண்டு பேரையும் அங்கேயே அறையலாம் போலிருந்தது.

"ஏனுங்க, வேனு..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க மெர்சிக்கா, எனக்கு ஒரு ஐடியா வருது."

வேன்தான் வருகிறது என்று நினைத்தேன். புத்திசாலி நான்!

செவ்வாய்க்கிழமை வாசலில் துணிப் பேனர் தொங்கியது. 'அந்தி நடை. யானை வழியில் மூன்று கிலோமீட்டர். பயத்தைக் கடந்து புதிதாய்ப் பிறந்திடுங்கள்.' ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. கீழே மாரியக்காவின் போட்டோ, கட்டுப் போட்ட கை தெரியாமல். 'மனசு லேசாச்சுங்க' என்று எழுதியிருந்தது. நாங்கள் வேண்டாம் என்று அழுத நடைக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை முதல் நடை. டவுனிலிருந்து ஏழு கெஸ்ட். முன்னால் வழிகாட்டிகளாக நாங்கள் மூன்று பேர், நடுவில் கெஸ்ட், பின்னால் அவர்கள் பாதுகாப்புக்கு வேலுமணி ஓட்டுகிற ஜீப். டீசல் ஜீப்.

"ஜீப்புக்குக் கார்பன் இல்லீங்களா?"

"அதுக்கு மரம் நட்டுக்கலாமுங்க."

எங்கள் வேனுக்கு அந்த ஒரு மரத்தை நட யாருக்கும் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று ஏற்பாடு. பேசினேன். சுவர் காது ஆட்டியதில் ஆரம்பித்து மோட்டார் ரூம்வரை சொன்னேன். மாரியக்கா கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கெஸ்டெல்லாம் நம் பக்கத்து மனுஷர்கள்தானே. "அருமைங்க, அருமைங்க" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல யஷ்ங்கவும் ஏறிக்கொண்டார். ஜீப் நிறைந்துவிட்டது.

ஆக, ஜீப் வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேரும் முன்னால் நடக்கிறோம், பின்னாலிருந்து ஏழு பேர் எங்களை வீடியோ எடுக்கிறார்கள். மாரியக்கா நொண்டுகிறார். எனக்கு அழுகை வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. அரைக் கிலோமீட்டரில் நின்றுவிட்டேன். நான் நின்றால் ஜீப்பும் நின்றாக வேண்டும். யஷ்ங்க பக்கத்தில் போனேன்.

"மாரியக்காளுக்கு முட்டி நோவுதுங்க. நீங்க எறங்குனீங்கன்னா அவங்க உக்காந்துக்குவாங்க. நம்ம டீம்ல மேல கீழ இல்லீங்களே."

ஜீப்புக்குள் ஒரு அம்மா கை தட்டினார். "எப்பேர்ப்பட்ட கொள்கைங்க தம்பி!" மற்றவர்களும் தட்டினார்கள். அத்தனை பேர் ஆசையாகப் பார்க்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வார்? அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. இறங்கினார். மாரியக்காவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

என் பக்கத்தில் நடந்து வந்தார். வாழைத் தோட்டத்துக்கிட்ட வரும்போது இருட்டுக்குள் 'மடார்' என்றது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த தென்னை மட்டை விழுந்த சத்தம்தான் என்று தெரிந்த பிறகும் விடவில்லை.

"தெனமும் இப்படித்தானுங்களா மெர்சிக்கா?" என்றார்.

"ஆமாங்க."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கு அது முதல் சாயங்காலம். எனக்கு நாற்பத்திரண்டாவது.

திங்கட்கிழமை மீட்டிங்கில், ஸ்டாஃப் வேனைத் திரும்ப விடவேண்டும் என்று தனக்குத் தியானத்தில் தோன்றியதாகச் சொன்னார். அதே வட்டப் படம், அதே நாற்பத்தோரு சதவீதம், சிவப்பு மட்டும் பச்சையாகியிருந்தது. மேலே 'பெண்கள் நலம்' என்று எழுதியிருந்தது. அந்தி நடை இனிமேல் அந்தி சவாரி, ஐயாயிரம். என்னவோ செய்துகொள்ளட்டும்.

ஆறரைக்கு வேன் வாசலில் நின்றது. லோகப்பிரியா ஓடிப்போய் ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். மாரியக்கா மட்டும் கீழேயே நின்றார்.

"நெசமாலுமே நமக்குத்தானா கண்ணு?"

"நமக்குத்தானுங்க்கா. ஏறுங்க."

ஏறினார். பின்னால் மூன்று சீட் காலியாகக் கிடந்தது. அவர் கதவோரச் சீட்டின் நுனியில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது கெஸ்ட் வந்தால் உடனே இறங்கிக்கொள்வதற்கு.