புறாக்கல் மட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கிணற்றை எட்டிப் பார்த்த ராக்கப்பனுக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. முந்தின நாள் பொழுது சாயும்போது புறாக்கல்லைத் தொட்டுக்கொண்டு கிடந்த தண்ணீர் இப்போது ஓர் ஆள் உயரம் கீழே போயிருந்தது. இறங்கின இடம் பூராவும் சுவரில் ஈரம் காயாமல் பளபளத்தது.

புறாக்கல் என்பது சுவரில் புறாக்கள் அடையும் பொந்துக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த வெள்ளைக்கல். தண்ணீர் அதைத் தொட்டால் கிணற்றில் மூன்று ஆள் ஆழம் என்று கணக்கு. தொடாவிட்டால், மாடு கட்டி இறைத்த காலத்தில் கமலை நின்ற மேட்டுக்கல்லிலிருந்து யாரும் குதிக்கக் கூடாது. அவர் வீட்டில் மட்டும் இருந்த அந்தச் சட்டம் இந்த வருஷம் பந்தயத்துக்கும் சட்டமாகியிருந்தது.

பந்தயத்தை நடத்துகிறவர் விருதுநகரில் சாக்குக் கடை வைத்திருந்த முகம்மது நூகு. அவருடைய அக்கா மகன் நீச்சல் தெரியாமல் ஒரு தோட்டத்துக் கிணற்றில் முங்கிச் செத்த பிறகு, கோடை பிறந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். ஆமத்தூர், ஆனைக்குட்டம், எம். புதுப்பட்டி, விருதுநகர் என்று நாலு ஊர்ப் பிள்ளைகளுக்கும் நீச்சல் பழக்கி, சித்திரை முழுக்க ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊர்க் கிணற்றில் போட்டி வைத்து, கடைசி ஞாயிறில் ஜெயித்த ஊருக்கு ஒரு பித்தளைக் கோப்பை கொடுப்பார். அந்த அறுபத்து நாலாம் வருஷம் கடைசிப் போட்டிக்குத் தண்ணீர் கிடக்கிற கிணறு அகப்படவில்லை. ஆமத்தூர் டீக்கடையில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராக்கப்பன், "என் கெணறு இருக்கு தம்பி. ஒரு வாரம் தண்ணி எறைக்கிற இஞ்சினத் தொட மாட்டேன். இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டார்.

சொன்னது சுலபமாக இருந்தது. ஒரு வாரமாக மிளகாய்ச் செடிகள் மத்தியானமானால் காதைத் தொங்கப்போட்டன. நாலாம் நாளிலிருந்து காலையிலும் நிமிரவில்லை. அவர் மனைவி மூக்கம்மாள் பாத்தி ஓரத்தில் நின்று, "கப்பு வந்தா அதுலதான் கொழம்பு வைக்கப் போறீகளாக்கும். மொளகா இல்லாத கொழம்பு" என்றாள். பிஞ்சு உதிர்ந்த செடியைப் பார்க்கிறபோது இஞ்சினை ஓட்டிவிடலாமா என்று அவருக்கும் தோன்றியது. ஆனால் வாக்கு என்று சபையில் சொன்ன பிறகு அதில் பாதியை மட்டும் காப்பாற்ற முடியுமா?

இப்போது அவர் போய்த் தன் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. டுக் டுக் டுக் என்று வரப்புக்கு அந்தப் பக்கம் பெத்தணனின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பூராவும் ஓடியிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவர் தூங்கியிருக்கிறார்.

பெத்தணன் அவருக்கு மச்சான் முறை. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வரப்பை ஒட்டிக் கிணறு வெட்டியபோது, "ரெண்டுக்கும் ஒரே ஊத்து, வெட்டாதீக" என்று ராக்கப்பன் தடுத்தார். ஊர் கூடியது. பெத்தணன் கோயில் வாசலில் சூடத்தை அணைத்து, தன் ஊற்று வேறு என்று சத்தியம் பண்ணினான். அதோடு பேச்சு முறிந்தது. இன்றைக்கு ஆமத்தூருக்காக மேட்டுக்கல்லிலிருந்து குதித்து, அடிமண் எடுத்து வரப்போகிறவன் அவன் மகன் வெள்ளைத்துரைதான். மகன் குதிப்பதை நிம்மதியாக நின்று பார்க்க வேண்டுமென்று, பருத்திக்குப் பாய்ச்சுகிற வேலையை ராத்திரியோடு முடித்துவிட நினைத்திருப்பான். அதில் வஞ்சம் ஒன்றும் இருக்காது என்று ராக்கப்பனுக்குத் தெரிந்தது. போய்ச் சொல்லலாமா என்று வரப்பு வரைக்கும் நடந்தார். பழைய வழக்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றவே திரும்பிவிட்டார்.

வெயில் ஏறும்போது கூட்டம் சேர்ந்துவிட்டது. புதுப்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனிப் பையன்கள் ஒரு லாரியில் தொற்றி வந்து இறங்கினார்கள். எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளி மருந்து அவர்கள் நகக்கண்ணில் மினுங்கியது.

"ஏலே, பாத்து எறங்குங்கலே. நனைஞ்சா நமத்துப் போயிருவீக!" என்று ஆமத்தூர்ப் பையன் ஒருத்தன் கத்தினான்.

"நமத்தாலும் ஒங்க ஊரு கேப்பை ரொட்டியவிட நல்லாத்தாம்லே வெடிப்போம்" என்றான் சங்கிலிமுத்து. போன வருஷம் புதுப்பட்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் அவன்.

நூகு கிணற்றை எட்டிப் பார்த்தார். சிரிப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அண்ணாச்சி, கல்லுக்கு ரொம்பக் கீழ கெடக்கே."

"ஆமா தம்பி. கெடக்கு."

"சொவரு ஈரமா இருக்கு" என்றான் சங்கிலிமுத்து, யாரையும் பார்க்காமல். "ராத்திரி மொளகா குடிச்சிருச்சு போல."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராக்கப்பன் அவனைக் கோபிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க தம்பி" என்று நூகுவை மட்டும் கூட்டிக்கொண்டு நடந்தார். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். பாத்திகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. சங்கிலிமுத்து குனிந்து ஒரு வெடிப்பில் கையை விட்டான். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அப்ப தண்ணி எங்கன போச்சு?" என்றார் நூகு.

ராக்கப்பன் குனிந்து ஒரு செடியை நிமிர்த்திப் பார்த்தார். டுக் டுக் என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தமானதால் அதுவரை யாருக்கும் அது கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு தலையாக அந்தப் பக்கம் திரும்பியது. பெத்தணன் புது வேட்டி கட்டி, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான்.

"என்னய ஏன் பாக்கீக? என் ஊத்து வேற. ஊருக்கே தெரியும்" என்றான். பிறகு கிணற்றுப் பக்கம் வேகமாக நடந்துபோய் உள்ளே பார்த்தான். "இந்தத் தண்ணிக்கு என்ன கொறச்சல்? வெள்ளத்துரை, ஏறுலே. குதி. இவுக கதையக் கேட்டுக்கிட்டு நின்னா பொழுது போயிரும்."

பதினெட்டு வயசுப் பிள்ளை. அப்பன் சொல்லைத் தட்டாமல் மேட்டுக்கல்லில் ஏறி நின்றான். கீழே பார்த்தான். நூகு "வேண்டாம், வேண்டாம்" என்று ஓடி வருவதற்குள் ராக்கப்பன் கல்லருகே போய் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, விடுங்க."

"குதிக்காதய்யா. கீழ பாறை கெடக்கு. நான் வெட்டுன கெணறு, எனக்குத் தெரியும்." அவர் குரலை உயர்த்தவில்லை. பெத்தணனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "எனக்கு நாயம் ஒண்ணும் வேணாம். ஊத்து ஒண்ணோ ரெண்டோ, இருந்துட்டுப் போகட்டும். பிள்ளை கல்ல விட்டு எறங்கட்டும்."

வெள்ளைத்துரை அப்பனைப் பார்த்தான். பெத்தணன் தண்ணீரைப் பார்த்தான். சட்டென்று திரும்பி வரப்பில் ஏறி நடக்க ஆரம்பித்தான். புது வேட்டி பருத்திச் செடியில் மாட்டிக் கிழிந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் இஞ்சின் சத்தம் தடுமாறி, இருமி, நின்றது. அது நின்ற பிறகுதான் பொந்துக்குள் புறாக்கள் முனகுவது கேட்டது.

நூகு எல்லாரையும் புளியமரத்து நிழலில் உட்காரச் சொன்னார். "காத்திருப்போம். ஏறுனா குதிப்போம். ஏறலைன்னா அடுத்த வருசம்." மூக்கம்மாள் ஒரு பானை மோரைக் கொண்டுவந்து வைத்தாள். "புதுப்பட்டிக்காரகளுக்கு மொதல்ல ஊத்துங்க. மருந்து நமக்காம இருக்கட்டும்" என்றாள். பையன்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு பெத்தணன் திரும்பி வந்தான். நிழலில் நிறைய இடம் இருந்தது. அவன் ராக்கப்பனுக்குப் பக்கத்தில், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தினான்.

"இஞ்சினு சூடேறிப் போச்சு. அதான் நிப்பாட்டிப் போட்டேன்" என்றான் தரையைப் பார்த்து.

"வெயிலு அப்பிடி. ஏறத்தான் செய்யும்" என்றார் ராக்கப்பன். மோர்ச் செம்பை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

வெள்ளைத்துரையும் சங்கிலிமுத்துவும் கிணற்றின் உள்படியில் இறங்கி, தண்ணீர் விளிம்பில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலிமுத்து தன் வெள்ளி நகத்தால், தண்ணீர் தொட்டு நின்ற இடத்தில் பாசியைக் கீறி ஒரு கோடு போட்டான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

மேலே பெத்தணன் செம்பை வாயருகே கொண்டுபோனவன் குடிக்காமல், காதை மட்டும் கிணற்றுப் பக்கம் வைத்திருந்தான். கீழே, கீறிய கோட்டின் ஒரு முனை தண்ணீருக்குள் இறங்கி நெளிந்தது.